பட்டியலில் இல்லாத வண்டி

7

"தம்பி, உசுரோட இருந்தா ஒரு காலை ஆட்டுங்க. எஸ்.ஐ. கேட்டுட்டு வரச் சொன்னாரு."

வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த அறிவரசன் இடது காலை ஒருமுறை ஆட்டினான்.

"ஆட்டுறாரு சார்!" கொளஞ்சியம்மாள் ஸ்டேஷன் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "புதுசா கேஸ் எதுவும் இல்ல. நிம்மதியா டீயக் குடிங்க!"

கொளஞ்சியம்மாள் இருபத்தேழு வருடம் காவல்துறையில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவள். அறிவரசன் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் வேலையில் இருந்தவன். போன வருடம் அவன் மனைவி கீதாஞ்சலி நாலு நாள் காய்ச்சலில் இறந்தாள். அதற்குப் பிறகு அவன் வேலையை விட்டுவிட்டு அரியலூரில் ஒரு மாடி அறையில் 'தனியார் புலனாய்வு' என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பலகைக்குக் கீழே முதலில் வந்து நின்றவள் கொளஞ்சியம்மாள்தான். கேஸ் கொடுக்க வரவில்லை. "வூட்ல சும்மா இருந்தா மருமக கூட சண்ட வருது, எதாச்சும் வேலை குடுங்க" என்றாள்.

உடையார்பாளையம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றின் பின்புறம், பிடிபட்ட மணல் வண்டிகளுக்கும் சைலன்சர் இல்லாத பைக்குகளுக்கும் நடுவே அந்த வெள்ளை வேன் பத்து வாரமாக நின்றது. 'சாரல்' என்ற பெயரில் வரும் ஒன்பது பேர் வண்டி. 2016 மாடல். சித்திரைக் கடைசியில் ஒரு காலை நேரம், முந்திரிக் காட்டு வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனபோது சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. காத்தாயி என்ற பெண் அங்கேயே இறந்தாள்.

வண்டியை ஓட்டிய ராசாங்கம் அன்றைக்கே போலீசிடம் சொல்லிவிட்டார். "தூங்கிட்டேன்."

நாளைக் காலை பத்தரை மணிக்குக் கோர்ட்டிலும் அதையே சொல்லப் போகிறார். சொன்னால் சிறை. ஊரில் இப்போதே அவரோடு யாரும் பேசுவதில்லை.

ராசாங்கத்தின் மனைவி அம்சவள்ளி நேற்று மாடியேறி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வூட்ல பாய விரிச்சுப் படுத்தாலே தூக்கம் வராத மனுசங்க அவரு. காலங்காத்தால வண்டியில தூங்குனேங்கிறாரு. நீங்க நம்புறீங்களா?"

நம்புவதும் நம்பாததும் அறிவரசனுக்கு இப்போதெல்லாம் ஒன்றாகவே இருந்தது. போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

இப்போது பார்த்துக்கொண்டிருந்தான். வலது முன்சக்கரம் முறிந்த கழுத்துபோல வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்துவைக்கும் கைபோன்ற இரும்புக்கு லோயர் ஆர்ம் என்று பெயர். அது இரண்டாக உடைந்திருந்தது. ஆய்வாளர் அறிக்கையில் 'மரத்தில் மோதியதால் உடைந்தது' என்று ஒரு வரி.

இடது பக்கத்து ஆர்மைப் பார்த்தான். துரு, சேறு, எட்டு வருடத்து அழுக்கு. மறுபடி வலது. பளபளவென்று கறுப்புப் பெயின்ட்.

அந்தப் பெயின்டில் ஓர் இடத்தில் மட்டும் முட்டை வடிவில் வழுக்கை விழுந்திருந்தது.

"யாரு அடியில?"

புதுக்குரல். அறிவரசன் நகர்ந்து வெளியே வந்தான். நீலநிற ஒர்க்‌ஷாப் சட்டை போட்ட ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். வேனின் இரண்டாவது ஜன்னல் சட்டத்தை வலது கையால் பிடித்திருந்தான். அந்தக் கையில் நடுவிரலும் மோதிர விரலும் அடியோடு இல்லை.

"இது கலைமணி தம்பி," என்றாள் கொளஞ்சியம்மாள் தணிந்த குரலில். "காத்தாயியோட மகன்."

"நீங்கதான் அந்த டிடெக்டிவ்வா?" என்றான் கலைமணி. "தூங்குனவன எழுப்பிவுடப் பாக்குறீங்களாக்கும்?"

"வண்டியப் பாக்குறேன்."

"வண்டி என்னா பண்ணுச்சு? வண்டியா தூங்குச்சு? இந்தா, இந்த ஜன்னலோரம்தான் எங்கம்மா ஒக்காந்திருந்துச்சு. வேலைக்குப் போறப்பல்லாம் இங்க வந்து ரெண்டு நிமிசம் நின்னுட்டுப் போறேன். நாளைக்கு அவரு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டு உள்ள போவணும். அதுக்கப்பறம் இந்தப் பக்கம் வர மாட்டேன். நீங்க நடுவுல புகுந்து கலைச்சுவுடாதீங்க, ஆமா."

பேசும்போதெல்லாம் அவன் ஜன்னலையே பார்த்தான். அதற்குக் கீழே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான்.

"அவன் சொல்றதும் நாயம்தான்," என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ஆமாங்க்கா."

"வெரலு கல்லொடைக்கிற கிரஷர்ல போச்சு. இப்ப அம்மாவும் போச்சு. சரி, அடியில என்ன கெடச்சுது? புதையலா?"

அறிவரசன் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினான். பிறகு உள்ளங்கையை விரித்தான். அந்த வழுக்கை இடத்திலிருந்து நகத்தால் சுரண்டிய தூள். மஞ்சள். நடுவில் கொஞ்சம் சிவப்பு.

கொளஞ்சியம்மாள் குனிந்து முகர்ந்தாள். "சந்தனம். நடுவுல குங்குமம். ஆயுத பூசைப் பொட்டு தம்பி இது."

"பெயின்ட்டுக்கு மேல இல்ல. அடியில இருந்துச்சு. காஞ்ச பொட்டு மேல பெயின்ட்ட அடிச்சா ஒட்டாது. மோதுன அதிர்ச்சியில உரிஞ்சிருக்கு."

"அதாவது மொதல்ல பொட்டு, அப்பறம் பெயின்ட்டு." அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். "பானட்டுல வெப்பாங்க, ஸ்டியரிங்ல வெப்பாங்க. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு எந்தப் பக்தன் பொட்டு வெப்பான்? அதுவும் இவ்ளோ பெருசா! சாமிக்கு மோதர வெரல்ல வெச்சுத்தான் பழக்கம். இது கட்ட வெரலு. பொட்டு வெச்சானா, கைநாட்டு வெச்சானான்னு தெரியல."

"வண்டியில மாட்டியிருந்தப்ப வெக்கலக்கா. கழட்டிக் கெடந்தப்ப வெச்சது. அம்சவள்ளிக்கு போன் போடுங்க. போன வருசம் வண்டிக்குப் பூசை போட்டாங்களான்னு கேளுங்க."

அம்சவள்ளியின் பதில் உடனே வந்தது. ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. "இல்லக்கா. ஆவணியில மாமியா தவறிட்டாங்க. ஒரு வருசத்துக்கு எந்த நல்ல காரியமும் இல்ல. ஒரு எலுமிச்சம்பழம்கூட வண்டியில கட்டல."

போனை வைத்துவிட்டுக் கொளஞ்சியம்மாள் அவனைப் பார்த்தாள். "அப்ப இந்த இரும்பு இந்த வண்டியோடது இல்ல."

"பூசைக்கு அப்பறம் வந்து மாட்டுனது. போன வருசம் ஆனியில கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டுச்சுக்கா. பதினெட்டுலேருந்து இருபது வரைக்கும் செஞ்ச சாரல் வண்டியெல்லாம் கொண்டாங்க, லோயர் ஆர்ம் சீக்கிரமே விரிசல் விடுது, இலவசமா மாத்தித் தரோம்னு."

"நம்ம வண்டி பதினாறாச்சே?"

"அதான். பதினாறு, பதினேழு லிஸ்ட்ல இல்ல. ஆனா ரெண்டுலயும் ஒரே இரும்புதான். மேல இருக்குற நம்பர் ஒண்ணு."

"எளைய புள்ளைக்கு மட்டும் தடுப்பூசி, மூத்ததுக்குக் கெடயாதாக்கும்." கொளஞ்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவங்க குடும்பத்துல மெக்கானிக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"அம்சவள்ளியோட தம்பி. அரியலூர்ல ஷெட் வெச்சிருக்கான்."

"அப்ப கெளம்புங்க."

பைக்கில் இரண்டாவது ஹெல்மெட் ஒன்று எப்போதும் தொங்கும். ஊதா நிறம், சின்ன அளவு. யாருடையது என்று கொளஞ்சியம்மாள் கேட்டதில்லை. தலையை இறுக்கினாலும் அதையேதான் மாட்டிக்கொள்வாள்.

வழி நெடுகச் சுண்ணாம்புக்கல் லாரிகள். தார்ப்பாய் போர்த்தாத ஒரு லாரிக்குப் பின்னால் ஆறு கிலோமீட்டர் ஊர்ந்தார்கள்.

"தம்பி!" பின்னாலிருந்து கத்தினாள். "இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனாப் போதும். என் மேல தண்ணியத் தெளிச்சு அண்ணா செலைக்குப் பக்கத்துல வெச்சுரலாம்!"

சிரிக்க வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. லாரியின் பின்விளக்கைப் பார்த்து ஓட்டினான்.

* * *

சரத்குமாரின் ஷெட் அரியலூர் ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்தது. இருபத்தெட்டு வயதுப் பையன். கை முழுக்கக் கிரீஸ். அக்கா அனுப்பிய ஆட்கள் என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

அறிவரசன் ஒன்றும் கேட்கவில்லை. உடைந்த ஆர்மின் படத்தைத் திறந்து செல்போனை மேசைமேல் வைத்தான்.

சரத்குமார் பார்த்தான்.

"மாமா சொல்லிட்டாரா?"

"அவரு சொல்லல," என்றாள் கொளஞ்சியம்மாள். "இப்ப நீதான் சொன்ன. மிச்சத்தையும் சொல்லிரு கண்ணு. உங்கக்கா காலையிலேருந்து சாப்புடல."

அவன் ஸ்டூலில் தானே உட்கார்ந்துவிட்டான்.

"தை மாசம் வண்டி அடியில சத்தம் வருதுன்னு மாமா கொண்டாந்தாரு. பாத்தா வலது பக்கத்து ஆர்முல மசுரு கணக்கா ஒரு விரிசல். எட்டு வருசத்துல அது போற பொருளே கெடயாதுங்க. பெரம்பலூரு ஷோரூமுக்கு ஓடுனேன். வண்டி நம்பரத் தட்டிப் பாத்துட்டு, 'உங்க வண்டி லிஸ்ட்ல இல்ல'ன்னாங்க. எலவசமா வேணாங்க, காசுக்குக் குடுங்கன்னேன். 'லிஸ்ட்ல உள்ள வண்டிக்குத்தான் ஸ்டாக்கு. உங்களுக்கு மூணு மாசம் ஆவும்'னாங்க. மாசி பொறந்தா முந்திரிக் காட்டு வேலை. வருசத்துல அந்த மூணு மாசந்தான் வண்டி ஓடும்."

"அதனால?"

"பெரம்பலூர்லயே முத்தமிழ்செல்வன்னு ஒருத்தரு ஸ்பேர் கடை வெச்சிருக்காரு. 'ஷோரூம் அயிட்டம், நேக்கா வந்துச்சு'ன்னு எடுத்துக் குடுத்தாரு. நம்பரு கரெக்டா இருந்துச்சு. பெயின்ட்டு புதுசா இருந்துச்சு. மாட்டுனேன்." அவன் கையிலிருந்த துணியைப் பிழிந்தான். "ரெண்டரை மாசம். அவ்ளோதான்."

"ராசாங்கம் தூங்கினாரா?"

"கண்ணக் கொட்டாம முழிச்சுக்கிட்டு இருந்தாரு. டப்புன்னு ஒரு சத்தம், ஸ்டியரிங்கு கையில சும்மா சுத்துச்சுன்னாரு. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சுக்கிட்டு, 'சரத்து, நான் தூங்கிட்டேன். நீ வாயத் தொறக்காத. டூப்ளிகேட் மாட்டுனன்னு உன்னையும் தூக்கிருவான். ரெண்டு பேரும் உள்ள போயிட்டா உங்கக்காவ யாரு பாக்குறது'ன்னாரு." சரத்குமார் நிமிர்ந்தான். "சார், நான் போயி சொல்லிர்றேன். நாளைக்குக் கோர்ட்டுல சொல்லிர்றேன்."

"என்ன சொல்லுவ?" என்றான் அறிவரசன். "கடையில வாங்கினேன், மாட்டினேன், உடைஞ்சுது. மாமாவக் காப்பாத்த மச்சான் பொய் சொல்றான்னு எழுதிருவாங்க. அந்த இரும்பு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும்."

வெளியே வந்ததும் கொளஞ்சியம்மாள் இரண்டு டீ சொன்னாள். அறிவரசன் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஆடை படிந்தது. அவள் தன் டீயைக் குடித்துவிட்டு அவனுடையதையும் வாங்கிக் குடித்தாள்.

* * *

பெரம்பலூர். முத்தமிழ்செல்வனின் கடை அகலம் எட்டடி, நீளம் எவ்வளவென்று அவருக்கே தெரியாது. கூரையிலிருந்து பெல்ட்டுகள் தொங்கின. கொளஞ்சியம்மாள் உள்ளே நுழையும்போதே முகத்தில் ஒரு களைப்பை மாட்டிக்கொண்டாள்.

"சாரல் வேனுக்குக் கீழ் ஆர்மு இருக்குங்களாண்ணே? ரெண்டு வருசமா வண்டி அடியில ஒரே சத்தம். வூட்டுக்காரரு போட்ட சத்தம் அவரு போனதோட நின்னுபோச்சு. அவரு வாங்குன வண்டி போடுற சத்தம் நிக்க மாட்டேங்குது."

முத்தமிழ்செல்வன் சிரித்துவிட்டார். "எந்த வருச வண்டிம்மா?"

"பதினாறு."

"ஷோரூம்ல போயிக் கேட்டீங்களா?"

"கேட்டேன். லிஸ்ட்ல இல்லன்னுட்டாங்க. எம் பேரு எந்த லிஸ்ட்லண்ணே இருந்துச்சு? ரேசன்ல இல்ல, வீடு கட்டுற லிஸ்ட்ல இல்ல. வண்டியும் என்னைய மாதிரியே வாங்கியாந்திருக்காரு."

அவர் உள்ளே போய்ச் சாக்கில் சுற்றிய நான்கைத் தூக்கிவந்து மேசைமேல் போட்டார். நான்கும் ஒரே கறுப்பு. நான்கும் ஒரே பளபளப்பு.

"கம்பெனி அயிட்டம்மா. வலதும் இருக்கு, எடதும் இருக்கு."

அதுவரை பெல்ட் பார்ப்பதுபோல நின்ற அறிவரசன் பைக் சாவியை எடுத்தான். முதல் ஆர்மின் நடுவில் லேசாகச் சுரண்டினான். பெயின்ட் வட்டமாக உரிந்து விழுந்தது. அடியில் மஞ்சள், நடுவில் சிவப்பு. முட்டை வடிவம்.

இரண்டாவதைச் சுரண்டினான். மூன்றாவது. நான்காவது. எல்லாவற்றிலும் அதே பெரிய பொட்டு.

"யோவ், என்னய்யா பண்ற?"

"நாலு பேருக்கும் பொட்டு வெச்சு அனுப்பியிருக்காங்க," என்றாள் கொளஞ்சியம்மாள். களைப்பு போய் ஏட்டுக் குரல் வந்துவிட்டது. "பொண்ணு பாக்கவாண்ணே போறாங்க? எங்க வாங்குனீங்க?"

முத்தமிழ்செல்வன் கடைக்கு வெளியே பார்த்தார். "திருச்சி. பழைய இரும்புக்காரன். பேரு தெரியாது."

"இதெல்லாம் கம்பெனி ஆகாதுன்னு ஒதுக்கின ஆர்ம்," என்றான் அறிவரசன். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. "லிஸ்ட்ல இருந்த வண்டிகள்லேருந்து கழட்டினது. வெட்டி எறிஞ்சிருக்கணும். ஆனா ஆயுத பூசை அன்னைக்கு முழுசா ஒரு ஷெட்டுல கிடந்திருக்கு. ஷெட்டுல உள்ள எல்லாத்துக்கும் பொட்டு வெக்கிறவன் இதுக்கும் வெச்சிருக்கான். நீங்க அதுமேல பெயின்ட் அடிச்சீங்க. லிஸ்ட்ல இல்லாத வண்டிக்காரங்க மாட்டிக்கிட்டாங்க. ஒண்ணு உடைஞ்சு ஒரு பொம்பள செத்துட்டாங்க."

கடைக்காரர் உட்கார நாற்காலி தேடினார். "எனக்கு... ஒதுக்குனதுன்னு சொல்லலைங்க. மிச்சம் வந்துச்சுன்னுதான் சொன்னான்."

"யாரு?"

கடைக்காரர் மேசையில் விழுந்த பெயின்ட் துணுக்குகளைக் கையால் ஒதுக்கினார்.

அறிவரசன் நான்கு பொட்டுகளையும் மறுபடி பார்த்தான். சாமிக்குப் பொட்டு வைப்பவன் மோதிர விரலால் வைப்பான். பழக்கமில்லாதவன் நடுவிரலால் வைப்பான். ஒன்றுகூடத் தப்பாமல் எல்லாவற்றுக்கும் கட்டை விரலால் வைக்கிறவன் யார்?

நீலச் சட்டை. ஜன்னல் சட்டத்தைப் பிடித்த கை.

"கொண்டாந்தவருக்கு வலது கையில எத்தனை விரலு?" என்று கேட்டான்.

முத்தமிழ்செல்வனின் கண் ஒருமுறை தன் வலது கையைப் பார்த்துவிட்டு விலகியது. அது போதுமாக இருந்தது. கொளஞ்சியம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

"மொத்தம் எத்தனை வந்துச்சு?"

"பதினெட்டுங்க."

நாலு மேசையில். ஒன்று ஸ்டேஷனில். பதின்மூன்று எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

அறிவரசன் ஓர் ஆர்மைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டான். மற்ற மூன்றையும் கடைக்காரர் கையெழுத்தோடு கொளஞ்சியம்மாள் படம் எடுத்துக்கொண்டாள். எழுதி வாங்க வேண்டியதையும் வாங்கினாள். வேலையை அவள் கை பார்த்தது. முகம் வேறெங்கோ இருந்தது.

தெருவில் வெயில் கொளுத்தியது.

"தம்பி, அந்தக் கலைமணிப் பயகிட்ட சொல்லத்தான் வேணுமா?"

"சொல்லாட்டி நாளைக்கு ராசாங்கம் உள்ள போவாரு."

"சரத்து சொல்லட்டும், கடைக்காரரு சொல்லட்டும். கோர்ட்டு மூலமா அவனுக்குத் தானாத் தெரியட்டுமே. நாம ஏன் நேர்ல போயி..." அவள் முடிக்கவில்லை. "சொந்தத் தாய்யா அது."

அறிவரசன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கீதாஞ்சலி இறந்த அன்றைக்கு டாக்டர் அவனை ஓர் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, வேறொரு ஆஸ்பத்திரியில் ஏன் தாமதம், என்னென்ன முயன்றோம் என்று இருபது நிமிடம் பேசினார். எல்லாம் முடிந்துவிட்டது என்பதை அவன் பதினைந்தாவது நிமிடத்தில்தான் புரிந்துகொண்டான். முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்.

"தானாத் தெரிய வேணாம்," என்றான். "நான் ஒரே வரியில சொல்லிர்றேன்."

* * *

கலைமணி வேலை பார்ப்பது சரத்குமார் போய்க் கேட்ட அதே பெரம்பலூர் ஷோரூமில்தான் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதன் முன்பக்கம் கண்ணாடி. பின்பக்கம் தகரக் கொட்டகை. நாலு மணி டீக்கு மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். கலைமணி மட்டும் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவர்களைப் பார்த்ததும் ஸ்பேனரை வைத்தான்.

"இங்கயும் வந்துட்டீங்களா? உங்களுக்கு வேற சோலியே இல்லையா?"

அறிவரசன் செய்தித்தாளைப் பிரித்து ஆர்மை வேலை மேசைமேல் வைத்தான்.

"கலைமணி, ராசாங்கம் தூங்கல. அவரு வண்டியில மாட்டியிருந்தது நீங்க முத்தமிழ்செல்வன்கிட்ட குடுத்த பதினெட்டுல ஒண்ணு. அது ஓடுறப்பவே உடைஞ்சுது."

கொட்டகையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. தானாக நின்றது.

கலைமணி ஆர்மைக் கையில் எடுத்தான். எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தான். உரிந்த இடத்தைப் பார்த்தான். பனியன் துணியால் அந்தப் பொட்டைச் சுற்றி அழுக்கைத் துடைத்தான். பொட்டைத் துடைக்கவில்லை.

"ஆகஸ்ட்லயே வெட்டியாச்சுன்னு மேனேஜரு கம்பெனிக்கு மெயில் போட்டுட்டாரு," என்றான். யாரோ கேள்வி கேட்டதுபோலத் தானாகப் பேசினான். "வெட்டல. கட்டருக்கு காஸ் இல்ல. அந்த மூலையில கெடந்துச்சு. பூசைக்கு மொத நாளு ஷெட்டக் கழுவுனேன். மறுநாளு ஒண்ணு வுடாமப் பொட்டு வெச்சேன். ஸ்பேனரு, ஜாக்கி, அது, எல்லாத்துக்கும். ஒண்ண வுட்டா அந்த வருசம் அதுல அடிபடுவோம்னு எங்கம்மா சொல்லும். வெரலு துண்டான வருசம் நான் கிரஷர்ல பூசைக்கு நிக்கல."

கொளஞ்சியம்மாள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதுக்கப்பறம் காஸ் வந்துச்சு. 'வெட்டிருடா'ன்னாரு. சந்தனம் வெச்சுக் கும்புட்டதப் போயி எப்புடி அறுக்குறது? கை வரல. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளுனேன். இங்க தெனம் நாலு பேரு வந்து கவுண்டர்ல நிப்பாங்க. பழைய வண்டிக்காரங்க. லிஸ்ட்ல இல்ல, லிஸ்ட்ல இல்லன்னு அனுப்புவோம். ஒருத்தன் கெஞ்சிக்கூடப் பாத்தான். அரியலூருப் பையன்."

"சரத்குமார். ராசாங்கத்தோட மச்சான்."

கலைமணி தலையை மட்டும் அசைத்தான். "பாக்க நல்லாத்தாங்க இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல. யாருக்காச்சும் ஆவட்டும்னு குடுத்தேன்."

"விரிசல் உள்ளேருந்து வரும். கண்ணுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியணும்ல? நான் மெக்கானிக்கு."

அறிவரசனுக்கு ஆறுதல் வார்த்தைகள் நிறையத் தெரியும். பதினொரு மாதமாக அவனிடம் வந்து சொன்னவர்கள் சொன்னதெல்லாம் நினைவில் இருந்தது. ஒன்றையும் எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றான். அங்கிருந்து போகாமல் நின்றான்.

"மிச்சம் எத்தன வெளிய இருக்கு?" என்றான் கலைமணி.

"பதிமூணு."

கலைமணி கொட்டகையை விட்டு வெளியே நடந்தான். நடை ஓட்டமானது. கொளஞ்சியம்மாள் பதறி, "தம்பி, புடிங்க! லாரியில வுழுந்துரப் போறான்!" என்று பின்னால் ஓடினாள்.

அவன் விழவில்லை. நடுச்சாலையில் நின்று இரண்டு கைகளையும் விரித்தான். வெள்ளை நிற சாரல் வேன் ஒன்று கிறீச்சிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா? சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"எந்த வருச வண்டிண்ணே?"

"என்னாது?"

"வண்டி. எந்த வருசம்?"

"பதினேழு. ஏன், நீ வாங்கப் போறியா?"

"எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க."

உள்ளே ஏழு பெண்கள். ஒருத்தி மடியில் குழந்தை. "என்னடா இது வம்பாப் போச்சு, ஆறு மணி பஸ்ஸ வுட்ருவோம்" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். கொளஞ்சியம்மாள் தன் பழைய ஏட்டுக் குரலை எடுத்தாள். "ரெண்டே நிமிசம்தாயி. போலீசு செக்கிங்குன்னு நெனச்சுக்கோ. எறங்கு." இறங்கினார்கள்.

கலைமணி தார்ச்சாலையில் அப்படியே படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். அறிவரசன் மண்டியிட்டு செல்போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தான். வலது. இடது. கலைமணியின் கை இரண்டு ஆர்மையும் ஓர் ஓரம் விடாமல் தடவியது.

"பழசு. கம்பெனியிலேருந்து வந்ததே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வலதுல விரிசல் ஆரம்பிச்சிருக்கு. அண்ணே, இதுக்கு மேல இந்த வண்டிய ஓட்டாதீங்க. ஷெட்டுக்குள்ள விடுங்க."

"எங்க வண்டி லிஸ்ட்ல இல்லன்னாங்களே?"

"லிஸ்ட வுடுங்கண்ணே."

ஓட்டுநர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை மெல்லக் கொட்டகைப் பக்கம் திருப்பினார். பெண்களுக்கு ஆட்டோ பிடிக்கக் கொளஞ்சியம்மாள் கை காட்டினாள்.

கலைமணி சாலையோரத்திலேயே நின்றான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். காத்தாயி வேலைக்குப் போகும் நாட்களில் அவசரத்துக்குக் கூப்பிட அவன் சேமித்து வைத்திருந்த பெயர் திரையில் தெரிந்தது. 'வேன் அண்ணன்'. அழுத்தினான். மணி வெகுநேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"ராசாங்கத்தண்ணே, நான் கலைமணி. நீங்க தூங்கலண்ணே. நாளைக்கு அப்புடிச் சொல்லாதீங்க. நான் வரேன். நான் சொல்றேன்."

அழைப்பு அறுபடவில்லை. நொடிகள் மட்டும் திரையில் ஏறிக்கொண்டிருந்தன.

துறையூர் பக்கமிருந்து இன்னொரு வெள்ளை வேன் வந்தது. கலைமணி அழைப்பைத் துண்டிக்காமலே சாலைக்குள் இறங்கிக் கையைத் தூக்கினான். இந்த முறை அறிவரசனும் கூடவே இறங்கினான்.